சந்தில் நடந்த குளவிக் கோட்டு

சலவைக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதற்கப்புறம் இந்தக் கை எழுதியதெல்லாம், துணி ஓரத்தில் சேங்கொட்டைப் பாலில் போட்ட குறிகள்தான். ஒரு புள்ளி என்றால் மணியக்காரர் வீடு, இரண்டு கோடு என்றால் செட்டியார் வீடு. அந்த எழுத்தில் ஒருநாளும் பிழை விட்டதில்லை. இந்த எழுத்தில் ஒற்று எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. நம் கடையில் சீட்டு எழுதுகிறவர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறமும் மிஞ்சும் தப்பெல்லாம் என்னுடையவை.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இடுப்பு போய் நான் வேலையை விட்ட அன்று, மாலை போட்டு ஏதாவது பேசச் சொன்னீர்கள். "இஸ்திரிப் பெட்டியில கரிய அணைச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நினைவிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை கடைப்பக்கம் வந்தேன். நீங்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளைச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்துப்பட்டையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ரத்தம்டா" என்றார் ஒருவர். "பொண்டாட்டிய அடிச்சிருப்பான்" என்றார் இன்னொருவர். "அந்தம்மா ரெண்டு வாரமா கண்ணுலயே படல" என்றார் மூன்றாமவர். அந்த அம்மாளுக்குக் கருமாதி வரைக்கும் நீங்கள் செய்து முடிப்பதை நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன். அன்று சொல்ல வேண்டியிருந்ததை இதில் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு நான் நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் வெளுத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஞாபகசக்தியும் இருக்கிறது.

அந்த ஊரில் அர்த்தனாரி என்று ஒரு வெல்ல மண்டிக்காரர். ஒருநாள் பட்டப்பகலில் தன் வீட்டுச் சமையற்கட்டில் தலை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் அம்மிக் குழவி. அன்று அவர் மனைவி தோட்டத்துக்குப் போயிருந்தார். உச்சிப் பொழுதில் பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேலாக மோர் நீட்ட, அர்த்தனாரி அதை வாங்கிக் குடித்துவிட்டுப் புளிக்கிறது என்று குறையும் சொல்லியிருக்கிறார். வெயில் தாழ்ந்து மனைவி திரும்பியபோது குறை சொல்ல ஆள் இல்லை. இடையில் யார் வந்தார்கள் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. கடைசியில் கொலைகாரன் பெயர் வரும் என்று பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதீர்கள். வராது.

செத்தவரைப் பற்றிக் கெடுதலாகப் பேசக் கூடாது என்பார்கள். கஞ்சி போதாது என்று அவர் திருப்பி அனுப்பாத வேட்டி ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து ஊர்ச் சாவடியில் தங்கி விசாரித்தார். அவருக்கு முன்பே நாச்சிமுத்துவின் சோடாக்கடை விசாரணையைத் தொடங்கிவிட்டது. நாச்சிமுத்துதான் அங்கே இன்ஸ்பெக்டர், வக்கீல், ஜட்ஜு எல்லாம். வழக்கு சூடாக இருக்கும் வரைக்கும் சோடாவும் விற்கும்.

"பொண்டாட்டிதான்யா. கண்ணுல சொட்டுத் தண்ணி வருதான்னு பாத்தியா?" என்றார் ஒருவர் முதல் நாள்.

"நேத்து ஊரே கேக்கற மாதிரி ஒப்பாரி வெச்சாளே, எதுக்கு? மறைக்கறதுக்குத்தான்" என்றார் அவரே மறுநாள்.

"வளையல்காரன் ஒருத்தன் சுத்திக்கிட்டு இருந்தானப்பா."

"அட, வழுக்கி உழுந்திருப்பாருங்க."

"ஏனுங்க, உழுந்து எந்திரிச்சு மறுக்காவும் உழுவாரா? மண்டையில ரெண்டு அடியில்ல இருக்குது!"

அழுக்கு மூட்டையோடு அந்த வழியாகப் போன என்னை நாச்சிமுத்து கைதட்டிக் கூப்பிட்டார்.

"டேய், அவிய ஊட்டுத் துணி உங்கிட்டத்தான வருது? கறை கிறை ஏதாச்சும் இருந்துதாடா?"

எனக்கு அப்போது முப்பது வயது. அதுவரை என்னிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. ஏழெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின.

"அந்தம்மா சீலைல ஒரு கறை இருந்துதுங்க சாமி" என்றேன்.

அது வாழைப்பூக் கறை. ஆய்ந்த கையைச் சீலையில் துடைத்தால் வருவது. கறுத்து, ஓரம் பழுத்து நிற்கும். பத்து நாள் வெளுத்தவனுக்குக்கூடப் பார்த்ததும் தெரியும். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், கோலி சோடா ஒன்றை உடைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடையில் அதுவரை நான் தண்ணீர் கேட்டால் தூர நின்று கையைக் குவிக்க வேண்டும், அவர்கள் மேலிருந்து ஊற்றுவார்கள். இப்போது புட்டியே என் கையில். அந்தச் சோடாவோடு வாழைப்பூவையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மாளின் கூடப்பிறந்த அண்ணன்கூட அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அந்த அம்மாளைப் போலீசு கூட்டிக்கொண்டு போயிருக்கும். அதற்குள் நாச்சிமுத்துவுக்கு அதைவிட நல்ல கொலைகாரன் கிடைத்துவிட்டான். செத்தவரின் தம்பி பழனியப்பன். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுக்கிணறு ஒன்று உண்டு. யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்பதில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பழனியப்பனிடம் ஒரு கோட்டு இருந்தது. கறுப்பில் மஞ்சள் கோடு போட்டு, சேலத்துத் தையல்காரர் ஒருவரிடம் தைத்தது. அந்த வட்டாரத்திலேயே அப்படி ஒன்றுதான். பார்ப்பதற்குக் குளவி மாதிரி இருந்ததால் ஊரில் அதற்குக் குளவிக் கோட்டு என்றே பெயர்.

நாச்சிமுத்துவின் கடைக்குப் பின்னால் ஒரு சன்னல். அதைத் திறந்தால் அர்த்தனாரி வீட்டுப் பின்சந்து தெரியும். கொலை நடந்த மறுநாள் நாச்சிமுத்து சொன்னது, வெயில் ஏறின நேரத்தில் சந்தில் யாரோ ஒரு ஆள் போனான் என்று. இரண்டு நாள் கழித்து அந்த ஆள் கோட்டு போட்டிருந்தான். நான்காம் நாள் அது குளவிக் கோட்டு. மோர் கொடுத்த விஷயம் வெளியே வந்ததும், வெயில் ஏறின நேரம் உச்சிக்கு அப்புறமாக நகர்ந்தது. ஐந்தாம் நாள், "பழனியப்பனேதான்! அந்த முதுகு எனக்குத் தெரியாதா? தலைல துண்டப் போட்டு முக்காடு போட்டுக்கிட்டுத் திருட்டு நடை நடந்தான்" என்று இன்ஸ்பெக்டரிடமே வாக்குமூலம் கொடுத்தார்.

அன்று மாலையே பழனியப்பனுக்கு விலங்கு போட்டார்கள்.

இந்த இடத்தில் நம் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பந்தலுக்கு மேல்கட்டாக நாங்கள் கட்டுவது இன்னொரு வீட்டுச் சீலைதான். அது ஊருக்கே தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். அதோடு நிற்பதில்லை. நல்ல சட்டை இல்லாதவன் விசேஷத்துக்குப் போக, வெளுத்த சட்டை ஒன்று எங்களிடமிருந்து போய், மறுபடியும் ஒரு தண்ணீர் கண்டு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். அதுவும் பாதிப் பேருக்குத் தெரியும். வெளுக்கிறவனே போட்டுக்கொள்வது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் கம்பத்தில் கட்டி அடிப்பார்கள்.

கொலை நடந்த நாள், மூன்று மைல் தள்ளிச் சேந்தமங்கலம் சாலையில் ஒரு ஊரில் என் மச்சினன் கல்யாணம். என் வீட்டுக்காரி இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். வெளுக்கும் துறையில் வேலை முடித்து விருந்துக்காவது போய்ச் சேரலாம் என்று கிளம்பியபோது, வெளுத்து மடித்து வைத்த குளவிக் கோட்டு எதிரில் இருந்தது. மச்சினன்மார் ஒவ்வொரு விசேஷத்திலும் என் சட்டையைப் பார்த்துச் சிரிப்பார்கள். எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெரிய வீதியில் போக வெட்கம், பயம். அதனால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்சந்து வழியாகப் போனேன்.

யார் கண்ணிலும் படக் கூடாது என்று நான் எடுத்த அந்த ஜாக்கிரதைதான் பழனியப்பன் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

ஏட்டு துறைக்கு வந்தார். "பழனியப்பன் கோட்டு வெளுக்கப் போட்டிருக்குதுன்னு சொல்றான். உங்கிட்ட இருக்குதாய்யா?"

"இருக்குதுங்க சாமி."

"என்னிக்குப் போட்டான்? கொலைக்கு முந்தியா, பிந்தியா?"

கல்யாண வீட்டில் மஞ்சள் கறை பட்டதால் அதை மறுபடி வெளுத்துக் காயப் போட்டிருந்தேன். ஈரம்கூடப் போகவில்லை. முந்தி என்று சொன்னால், அப்படியானால் அன்றைக்கு அது யார் முதுகில் இருந்தது என்பார்.

"ஞாவகம் இல்லீங்க" என்றேன். ஏட்டு ஈரக் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஒரு வார்த்தை சோடாக்கடைக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகவில்லை. "ரத்தத்தக் கழுவத்தான்யா வெளுக்கப் போட்டிருக்கறான்! ஈரமா இருந்துதாம்ல?" என்று நாச்சிமுத்து தீர்ப்பை முடித்துவிட்டார்.

வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டய்யா கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"ஞாவகம் இல்லீன்னேன்."

"ஏனுங்க, என் தம்பி கண்ணாலத்துக்கு அந்தக் குளவியப் போட்டுக்கிட்டு வந்து, ரெண்டு பந்தில உக்காந்து தின்னீங்களே, அதுவுமா ஞாவகம் இல்லீங்க?"

"சொன்னா ஒரு ஊட்டுலயும் அழுக்குப் போட மாட்டாங்க. கட்டி வெச்சு அடிப்பாங்க."

"அடிப்பாங்கதான். அடிச்சா ஒரு வாரத்துல ஆறிப்போயிரும். அந்த மனுசனத் தூக்குல போட்டா அது எத்தன வாரத்துல ஆறுமுங்க?"

நான் வட்டிலைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க தலயத் தொங்கப் போட்டிருக்கறதப் பாத்தா, குழவியத் தூக்குனதே நீங்கதானோன்னு எனக்கே சந்தேகமா இருக்குது. எந்திரிங்க. நானும் வாரேன்."

சாவடி வாசல் வரைக்கும் வந்து அவள் நின்றுகொண்டாள். உள்ளே இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். மேசை மேல் குளவிக் கோட்டு மடித்து வைத்திருந்தது. ஏட்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு வாய் வரவில்லை. வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"என்னய்யான்னு கேக்கறேன்ல? ஊமையா?"

வாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரி நகரவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அது இன்ஸ்பெக்டரைவிடக் கஷ்டம். நான் மேசைக்குப் போனேன். கோட்டை எடுத்தேன். போட்டுக்கொண்டேன். ஏட்டு "டேய்!" என்று தடியை ஓங்கினார். தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

தம்பிகளே, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

"அன்னைக்குச் சந்துல போனது நீயா?"

"ஆமாங்க."

"எத்தனை மணிக்கு?"

"வெயில் ஏறின நேரமுங்க. உச்சிக்கு நான் இலைல உக்காந்துட்டேனுங்க."

"பழனியப்பன் ஆளுங்க யாராவது உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

வாசலிலிருந்து பதில் வந்தது. "சாமி, கத கட்டிச் சொல்ற ஆளா இருந்தா, வாயத் தொறந்து சொல்லியிருக்க மாட்டாருங்களா?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. ஒரு வாரமாகச் சோடாக்கடைக்காரர்கள் அவருக்குத் துப்புச் சொல்லிச் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தார்கள். ஒரு முடிவு செய்தார்.

மறுநாள் காலை நாச்சிமுத்துவைக் கடையின் பின்சன்னலில் நிறுத்தினார்கள். கடை நிறைய ஆட்கள். "பார்த்துச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். நான் கோட்டும் முக்காடுமாகச் சந்தில் நடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சந்தைப் பார்த்ததில்லை.

"அதா! அதே கோட்டு, அதே முதுகு!" என்று நாச்சிமுத்து கத்துவது எனக்கே கேட்டது. "அதே திருட்டு நடை! பழனியப்பனேதானுங்க! சத்தியம் பண்றேன்!"

"அப்ப இது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாச்சிமுத்து திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், விலங்கோடு நின்றுகொண்டிருந்தார் பழனியப்பன்.

யாரோ ஒருவர் கையிலிருந்த சோடாப் புட்டியில் கோலி உருளும் சத்தம் மட்டும் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். என்னைக் கடைக்குள் கூப்பிட்டு முக்காட்டை எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எடுத்தேன். கூட்டம் என் முகத்தைப் பார்த்தது, அப்புறம் கோட்டைப் பார்த்தது, மறுபடியும் முகத்தைப் பார்த்தது. கொலையை மறந்துவிட்டார்கள். ஒரு வெளுக்கிறவன் அந்தக் கோட்டைப் போட்டான் என்பதுதான் அவர்களுக்கு அன்றைய குற்றம்.

வந்தது வந்தாயிற்று என்று மிச்சத்தையும் சொன்னேன். "அந்தம்மா சீலைல இருந்தது வாழைப்பூக் கறைங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

யாரும் காதில் வாங்கவில்லை. அந்த அம்மாளின் அண்ணன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்னடா?"

"சோடா குடிச்சுக்கிட்டிருந்தேனுங்க" என்றேன். வேறு பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் தங்கை வீட்டுப் பக்கம் வேகமாகப் போனார். போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நான்கு நாள் நானே கொலைகாரனாக இருந்தேன். வேட்டிக்குக் கஞ்சி போதவில்லை என்று அர்த்தனாரி திட்டினாராம், நான் குழவியைத் தூக்கினேனாம். சோடாக்கடையில் இதை அவர்கள் கட்டிய அழகைக் கேட்டு, எனக்கே ஒரு நிமிஷம் செய்திருப்பேனோ என்று தோன்றியது. ஏட்டு கல்யாண ஊருக்குப் போய் விசாரித்தார். "உச்சிப் பொழுதுங்களா? அப்ப அந்தக் குளவி ரெண்டாம் பந்தில பாயாசத்துக்கு ரகள பண்ணிக்கிட்டிருந்துதுங்க" என்று மச்சினன்மார் சாட்சி சொன்னார்கள். அவர்கள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

பழனியப்பன் விடுதலையான அன்று நேரே துறைக்கு வந்தார். நான் கல்லிலிருந்து இறங்கி நின்றேன்.

"எத்தன தடவ போட்டடா அத?"

"மூணு தடவீங்க சாமி."

"நானே ரெண்டு தடவதான்டா போட்டிருக்கறேன்!"

பளாரென்று ஓர் அறை. காது ஒரு நாள் முழுக்கக் கேட்கவில்லை. திரும்பிப் பாதி தூரம் போனவர் நின்றார். "முதுகப் பாத்தா உனக்கும் எனக்கும் வித்தியாசமே தெரியலயாமா! சொல்றானுங்க!" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். விலங்கு போட்டதைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஊரில் எல்லா வீடும் எனக்கு அழுக்குப் போடுவதை நிறுத்தியது. என் வீட்டுக்காரி சொன்ன மாதிரி அடி ஒரு வாரத்தில் ஆறியது, இது ஆறவில்லை. எட்டாம் நாள் காலையில் வாசலில் இரண்டு மூட்டை கிடந்தது. ஒன்று பழனியப்பன் வீட்டுடையது. இன்னொன்று அர்த்தனாரி மனைவியுடையது. அதில் புதிய வெள்ளைச் சீலைகள் இரண்டு, அடியில் அந்த வாழைப்பூக் கறைச் சீலை. ஏன் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சீலையை எலுமிச்சையும் உவர்மண்ணும் போட்டு மூன்று முறை வெளுத்தேன். கறை போகவில்லை. போகாது என்று தெரிந்துதான் வெளுத்தேன். இரண்டு வீட்டுத் துணியில் ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அர்த்தனாரியைக் கொன்றது யார் என்று நீங்களும் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஒருவேளை நாச்சிமுத்து சன்னலில் என் முதுகை ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களில், அந்த ஆள் கடைக்கு முன்புறம் நின்று ஒரு சோடா குடித்துவிட்டுப் போயிருக்கலாம். பாருங்கள், நானும் ஆரம்பித்துவிட்டேன். ஒரு சோடா கையில் இருந்தால் இன்னும் சொல்லுவேன்.

நம் கைக்கு வருவது பிறத்தியார் வீட்டுத் துணி. அதில் தெரிவதை வெளியே சொல்ல வேண்டாம். சொல்லித்தான் தீர வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், பாதியில் நிறுத்தாமல் என்ன கறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணியை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டீர்களானால் பெரிய வீதியில் போங்கள்.

நீங்கள் தூக்கிப் பிடித்திருந்த சட்டைக்கு வருகிறேன். அது ரத்தம்தான். வாராவாரம் அதே வலது பக்கத்தில் வரும். அந்த மனிதருக்குச் சவரம் செய்துகொள்ளத் தெரியாது. அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார். போவதற்கு முன் கடைக்கு வந்து, "அவர் சட்டய நல்லாப் பாத்துப் போடுங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், கறை நின்றுவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கசக்குங்கள்.

விய வருஷம், மாசி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.